நான் கேட்ட பந்து

நீங்கள் உட்காருங்கள், நான் நின்றுகொண்டே பேசுகிறேன். பதினோரு வருடம் குத்துக்காலிட்டுப் பந்து பிடித்த முழங்கால் இது. நாற்காலியில் மடங்கினால் எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. தங்கை உள்ளே தூங்குகிறாள். கொஞ்சம் மெதுவாகப் பேசுவோம்.

அவ்வளவு பெரிய ஆட்டக்காரிகளை எல்லாம் அவள் எப்படித் திணறடித்தாள் என்று கேட்கிறீர்கள். சாஃப்ட்பால் பற்றிப் புத்தகம் எழுதுகிறவர் நீங்கள், தயவுசெய்து வேகம் என்று எழுதிவிடாதீர்கள். கைதேர்ந்த மட்டைக்காரிக்கு வேகம் ஒரு பொருட்டே இல்லை. இரண்டு பந்து பார்த்தால் போதும், மூன்றாவதற்கு அவள் மட்டை தயாராகக் காத்திருக்கும். கை ஒரே மாதிரி சுழல வேண்டும், வருகிற பந்து மட்டும் வேறாக இருக்க வேண்டும். அப்போதுதான் அவள் குழம்புவாள். பந்து வீசும்போது என் தங்கையின் கை இடுப்பை உரசிக்கொண்டு வரும். அதிலிருந்து வருவது சீறுகிற பந்தா, பாதி வழியில் சோம்பல் படுகிற பந்தா, கடைசி நொடியில் முழங்காலுக்குக் கீழே விழுகிற பந்தா என்று எதிரே நிற்பவளுக்குப் பிடிபடவே பிடிபடாது. எனக்குத் தெரியும், ஏனென்றால் கேட்பதே நான்தான்.

இது பல பேருக்குத் தெரியாத விஷயம். எந்தப் பந்து என்று முடிவு செய்வது மட்டைக்காரிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கேட்சர். தொடைகளுக்கு நடுவே வலது கையை மறைத்து விரல் காட்டுவேன். ஒரு விரல் என்றால் வேகம், இரண்டு என்றால் விழுகிற பந்து, நான்கையும் அசைத்தால் மெதுவானது. கையுறையை எங்கே வைக்கிறேனோ அங்கே பந்து வந்து சேரும். "யோசிக்கிற வேலை உனக்கு, போடுற வேலை எனக்கு" என்பாள். ஒரு தடவைகூடத் தலையை ஆட்டி மறுத்ததில்லை. பத்திரிகையில் அவள் படம் வரும். என் முதுகு ஓரமாகத் தெரியும். அதெல்லாம் எனக்குப் பெரிதாகப் பட்டதில்லை.

பிறகு தலைநகரத்துப் பெரிய அணியிலிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். ஓர் ஆட்டத்தை நேரில் பார்த்துவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "அக்கா, அங்க கேட்சர் இருக்காங்களாம். நீ இனிமே நிம்மதியா வீட்ல இரு. உன் முழங்காலாவது பிழைச்சுக்கட்டும்."

அக்கறையாகத்தான் சொன்னாள். நானும் சிரித்துக்கொண்டே ஈரத் தட்டை வாங்கித் துடைத்தேன். எனக்கு வயிறு எரிந்தது. பொறாமை என்று எழுதிக்கொள்ளுங்கள், ஆட்சேபம் இல்லை. நான் இல்லாவிட்டால் அவள் யார் என்று அவளுக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

அவர்கள் பார்க்க வந்த ஆட்டத்தில் எதிரணியில் ஒரு நெட்டைப் பெண் இருந்தாள். கொக்கு என்று கூப்பிடுவோம். நடுவில் வேகமாக வருகிற பந்தை அவள் வந்த வழியே திருப்பி அனுப்புவாள். வீசி முடிக்கும்போது என் தங்கைக்கும் அவளுக்கும் நடுவே பன்னிரண்டு மீட்டர்கூட இருக்காது. அதனால் மூன்று வருடமாகக் கொக்குக்கு நான் நடுவில் பந்து கேட்டதே இல்லை. எப்போதும் ஓரத்தில், தாழ்வாகத்தான்.

அன்று ஒரு விரல் காட்டிக் கையுறையை நடுவில் வைத்தேன். வந்தது. கொக்கு பார்த்துக்கொண்டே விட்டாள். மறுபடி அதே பந்து; மட்டையின் ஓரத்தில் பட்டு வெளியே போனது. அவளுக்கு அளவு கிடைத்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. மூன்றாவது தடவையும் ஒரு விரல். என் தங்கை தலையை ஆட்டினாள், பதினோரு வருடத்தில் முதல் தடவையாக. நான் விரலை எடுக்கவில்லை. அக்கா காரணம் இல்லாமல் கேட்க மாட்டாள் என்று நினைத்திருப்பாள். போட்டாள்.

இரண்டு சத்தம் கேட்டது. முதலாவது மட்டையில்.

கம்பி வைத்த முகக்கவசம் ஏன் போடவில்லை என்று மருத்துவமனையில் எல்லோரும் கேட்டார்கள். எங்கள் போட்டிகளில் அது கட்டாயம் இல்லை, ஆனால் அம்மாவுக்காக எப்போதும் போட்டுக்கொள்வாள். அன்று உடை மாற்றும் அறையில், "பாக்க வர்றவங்களுக்கு உன் முகம் தெரிய வேணாமாடி?" என்று சொல்லிக் கழற்றி என் பையில் வைத்தது நான்.

பந்து மைதானத்தைத் தாண்டட்டும், வந்தவர்கள் முகம் சுளிக்கட்டும், அவள் என்னோடேயே இருந்துவிடட்டும் என்றுதான் கேட்டேன் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தாண்ட வேண்டுமென்றால் உயரத்தில், உடம்பை ஒட்டிக் கேட்டிருப்பேன். நடுவில் கேட்டால் எங்கே போகும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் அங்கே யாரும் இல்லை.

இடது கண் போய்விட்டது. மற்றதால் தூரம் பிடிபடுவதில்லை; தம்ளருக்குப் பக்கத்தில் தண்ணீர் ஊற்றுவாள். எங்கே போனாலும் நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறேன். எனக்குப் பயம் ஒன்றில்தான். பேசும்போது அவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை, என் வலது கையைப் பார்க்கிறாள். குனிந்து பார்த்தால் ஒரு விரல் தானாக நீண்டிருக்கிறது. பேருந்திலும், கடை வரிசையிலும்கூட. மடக்கினால் மறுபடி நீளுகிறது.

அந்த நாள் அவளுக்கு முழுதாக நினைவில்லை. தலையை ஆட்டி மறுத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. மீதியை அவளே கட்டிக்கொண்டாள். "நீ வேற பந்துதான் கேட்டே, நான்தான் திமிரா நடுவுல போட்டுட்டேன். இல்லக்கா?" என்று முதல் தடவை கேட்டபோது அம்மாவும் கட்டிலருகில் இருந்தாள். ஆமாம் என்றேன். அன்றிலிருந்து வாரம் ஒரு முறையாவது என் கையைப் பிடித்துக்கொண்டு அழுது மன்னிப்புக் கேட்கிறாள்.

எனக்கு அவள்மேல் கோபமே இல்லை. எப்போதோ மன்னித்துவிட்டேன்.