குட்டைக்குத் தண்ணி காட்டிய விவகாரம்

நான் நாற்பத்து நான்கு வயதுத் தாவர ஆய்வாளர். சோயா ஆய்வுப் பண்ணைக் குடியிருப்பில், பண்ணையின் தலைவரான என் கணவருடன் வசிக்கிறேன். இன்று காலை எழுந்ததும், முகம்கூடக் கழுவாமல், கண்ணாடிக் குடிலுக்குப் போய்த் தொட்டி மண்ணில் விரலை விட்டுப் பார்த்தேன். கூரையில் பனி வழிந்துகொண்டிருந்ததால் வெளிச்சம் ஏதோ குளத்தின் அடியிலிருந்து வருவதுபோல் இருந்தது. தொட்டிகளில் இரண்டு ரகங்கள் உள்ளன; உயரமானதை நெட்டை என்றும் மற்றதைக் குட்டை என்றும் அழைப்போம். இரண்டுக்கும், வறட்சியைத் தாங்கவைக்குமென ஒரு கம்பெனி தந்த ஒரே வளர்ச்சி ஊக்கி மருந்தைத் தெளித்து, பிறகு தண்ணீரை நிறுத்தியிருந்தோம். நெட்டை இலைகளை உதிர்த்திருந்தது. குட்டை இலைகளைத் திருப்பி, வெள்ளி நிற அடிப்பக்கம் தெரிய, கண்மூடிக் கிடப்பதுபோல் உயிரோடு நின்றது. இரண்டிலும் விரல் உலர்ந்தே வெளியே வந்தது.

அதன் பிறகு என் கணவர் வந்து, காவலாளி குட்டைக்கு மட்டும் திருட்டுத்தனமாகத் தண்ணீர் ஊற்றிச் சோதனையைக் கெடுத்துவிட்டதாகச் சொன்னார். "நேத்து குட்டைக்கு நல்லா தண்ணி காட்டிட்டேன்" என்று காவலாளி போனில் சிரித்ததைத் தாமே கேட்டதாகக் காவல் நிலையத்தில் புகாரும் கொடுத்தார். அதன் பிறகு ஜீப் வந்தது. காவலாளி, "ஐயோ மேடம், நான் கேரம்ல ஜெயிச்சதைச் சொன்னேன்" என்றார். பண்ணை டிரைவரின் பட்டப்பெயரும் குட்டைதான். அவர் ஓடி வந்து, "என்னைத் தோக்கடிச்சதுக்கெல்லாமா அண்ணே கேஸு? அப்ப பண்ணையில பாதிப் பேரை உள்ள வைக்கணும்" என்றார். காவலர்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். என் கணவர் சிரிக்கவில்லை.

அதன் பிறகு அவர் என்னைத் தனியே அழைத்து, "குட்டை மண்ணு ஈரமா இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. சோதனையே செல்லாதுன்னு முடிச்சிடலாம். இல்லன்னா நெட்டைக்கு மருந்து கேக்கலன்னு எழுதணும். கம்பெனிக்காரன் சும்மா விடுவானா?" என்றார். நான், "காஞ்சுதாங்க இருந்துச்சு" என்றேன். அவருக்குப் பின்னால் கண்ணாடியில் பனி இன்னும் வழிந்துகொண்டிருந்தது.

மண் காய்ந்திருந்தது. காவலாளி தண்ணீர் ஊற்றவில்லை. ஒரே மருந்து ஒரு ரகத்தைக் காப்பாற்றியது, மற்றதைக் கைவிட்டது.

காவலர் எழுதிய என் வாக்குமூலத்தைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, நடந்ததும் அதுவே. இதில் கையெழுத்திடுகிறேன். மருந்து எல்லா ரகத்துக்கும் ஏற்றது என்ற அறிக்கை வீட்டு மேசையில் என் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது. அதில் போடப்போவதில்லை. இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. வழக்குக்குத் தேவையில்லை என்றால் இந்த வரியை அடித்துவிடலாம்.

(ஒப்பம்)