சுண்ணாம்பு அடிக்காத வீடு

ரூஃபினா: இறங்கு. இறங்குன்னு சொல்றேன்...

எலாதியோ: அந்த வாளியைக் கொஞ்சம் இப்படி நகர்த்து—

ரூஃபினா: வாளியை உன் தலையில கவுத்துடுவேன். முதல்ல இறங்கு!

எலாதியோ: கத்தாத ரூஃபி. தெருவே முழிச்சுக்கும்.

ரூஃபினா: முழிக்கட்டும். ஒன்பது வருஷமா இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காத புருஷன், விடிஞ்சும் விடியாம ஏணி போட்டுச் சுவர்ல தொங்கறான். வந்து பார்க்கட்டும்.

எலாதியோ: தொங்கலை. சுண்ணாம்பு அடிக்கிறேன். இன்னிக்கு ஒயின் திருவிழா. பஸ் பஸ்ஸா வந்து இறங்கப் போறாங்க. மலை அடிவாரத்துலேருந்து கோயில் வரைக்கும் எல்லா வீடும் பல்லு விளக்கின மாதிரி நிக்குது. நம்ம வீடு மட்டும்...

ரூஃபினா: நம்ம வீடா?

எலாதியோ: ...சரி, உன் வீடு. உன் வீடு மட்டும் புகை பிடிச்ச பானை மாதிரி. பார்க்கச் சகிக்கலை.

ரூஃபினா: சகிக்காதவன் கடற்கரையிலயே கிடந்திருக்கலாமே. யாரு கூப்பிட்டா?

எலாதியோ: யாரும் கூப்பிடலை. ஊர் பார்க்க வர்றவங்க எல்லாருக்கும் இன்னிக்கு ஓசி ஒயின், ஒரு தட்டு வறுத்த ரொட்டித்தூள். எனக்கு மட்டும் வசவா?

ரூஃபினா: அப்ப நீ ஊர் பார்க்க வந்தவனா?

எலாதியோ: நீ எப்படிச் சொல்றியோ அப்படி.

பஸ்குவாலா: ஏய், அங்க என்ன சத்தம்? எலாதியோ, என் ஏணியை உடைச்சுடாதே!

ரூஃபினா: ஏணி உங்களுதா? எதிர்வீட்டு ஜன்னல்ல உட்கார்ந்துக்கிட்டு இந்த வேலைதான் பண்றீங்களா அக்கா?

பஸ்குவாலா: வந்து கதவைத் தட்டினான், கேட்டான், குடுத்தேன். திருவிழாவுக்கு ரொட்டித்தூள் வறுத்து வறுத்துக் கை ரெண்டும் கழண்டு விழுது எனக்கு. தூக்கக் கலக்கம். முகத்தைக்கூடப் பார்க்கலை.

ரூஃபினா: பொய்.

பஸ்குவாலா: பார்த்தேன். கிழடு தட்டிப் போச்சு. பாவமா இருந்துச்சு.

எலாதியோ: ரொம்ப நன்றிக்கா.

பஸ்குவாலா: உன்னைப் பார்த்து இல்லடா. ஏணியை நினைச்சு.

ரூஃபினா: சிரிக்காதீங்க அக்கா. பாருங்க, கதவுக்கு இந்தப் பக்கம் முழுக்க அடிச்சுட்டான்.

எலாதியோ: ஈரத்துல இப்ப ஒண்ணும் தெரியாது. வெயில் படட்டும், பளிச்சுன்னு ஆயிடும். அதுக்குள்ள அந்தப் பக்கமும்...

ரூஃபினா: வேணாம்! வெயில் திரும்பறதுக்குள்ள தண்ணி ஊத்திக் கழுவி விடு.

எலாதியோ: அடிச்ச சுண்ணாம்பைக் கழுவச் சொல்றவளை இப்பத்தான் பார்க்கறேன்.

ரூஃபினா: இறங்கி வந்து நல்லாவே பாரு.

எலாதியோ: மாட்டேன். இறங்கினா கதவைச் சாத்திடுவே.

ரூஃபினா: சாத்தத்தான் போறேன்.

எலாதியோ: அப்ப இங்கயே நிக்கறேன்.

ரூஃபினா: நில்லு. உனக்கு நின்னு பழக்கம் இல்லை. போய்த்தான் பழக்கம்.

எலாதியோ: ...ரூஃபி, இனிமே என்னால முடியாது. ஓட்டல் சமையலறையில நின்னு நின்னு கால் ரெண்டும் மரக்கட்டையாயிடுச்சு. கோடை முடிஞ்சா வேலை இல்லை. படுக்க இடம் இல்லை. உள்ள விடுன்னு கேக்கலை. களத்துல திராட்சை காயுது இல்லையா? அதுக்குக் காவலா ஒரு ஓரமாப் படுத்துக்கறேன். மழை வந்தா எழுந்து தார்ப்பாயை இழுத்து மூடறேன். சோறு போட்டாப் போடு.

ரூஃபினா: நாயே அதைச் செய்யும்.

எலாதியோ: நாய்க்குத் தார்ப்பாய் மூடத் தெரியாது.

பஸ்குவாலா: அது வாஸ்தவம்தான் ரூஃபினா.

ரூஃபினா: அக்கா, நீங்க ரொட்டித்தூளைக் கிளறுங்க.

எலாதியோ: ஒரு பொம்பளை பின்னாடி போனேன்னு ஊர்ல பேசிக்கிட்டாங்களாம். சத்தியமா இல்லை. இந்த மேடும் பள்ளமும்தான் எனக்கு ஆகலை. திராட்சைக் கூடையைச் சுமந்துக்கிட்டு ஏறறது, இறங்கறது, மறுபடி ஏறறது... சமதரையில ஒரு கோடை மட்டும் நடந்து பார்ப்போம்னு போனேன்.

ரூஃபினா: பொம்பளைக்காகப் போயிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்கும். மேடா இருக்குன்னு போனே பாரு, அதைத்தான் என்னால யார்கிட்டயும் சொல்ல முடியலை. நானும் அதே மேட்டுலதான் ஏறினேன்.

எலாதியோ: இந்த வருஷம் அறுப்புக்கு ஆள் வச்சியா?

ரூஃபினா: நானும் கோவேறு கழுதையும்தான். பாதிக் குலை இன்னும் கொடியிலயே தொங்குது. கழுதையும் முன்ன மாதிரி இல்லை. அவர் போனதுலேருந்து சரியாத் தீனி எடுக்கறதில்லை.

எலாதியோ: எவர்? எவர் போனதுலேருந்து?

ரூஃபினா: இது சாவு வீடு எலாதியோ. சாவு விழுந்த வீட்டுக்கு வருஷம் திரும்பற வரைக்கும் சுண்ணாம்பு அடிக்கறதில்லைன்னு உனக்குத் தெரியாதா? கடல் காத்துல அதுவுமா பறந்து போச்சு?

எலாதியோ: சாவா? யாரு... உங்கம்மாவா?

ரூஃபினா: அம்மா மாலகாவுல, தங்கச்சி வீட்ல, கல்லுக்குண்டு மாதிரி இருக்காங்க. சீட்டாட்டத்துல ஏமாத்தறாங்க. உன் பேரைச் சொன்னா மட்டும் காது கேக்காது.

எலாதியோ: அப்ப... எனக்கா? நான் செத்துட்டேன்னு நினைச்சு...

ரூஃபினா: அக்கா, கேட்டீங்களா? இவனுக்காம்!

பஸ்குவாலா: அடப்பாவி. நீ விட்டுட்டுப் போன வருஷம் இவ ஒண்ணுக்கு ரெண்டு தடவை சுவர் அடிச்சா. எதிர்த்தாப்ல எனக்குக் கண்ணு கூசி, பகல்லயே ஜன்னலைச் சாத்தி வச்சேன்.

ரூஃபினா: ஒருத்தரும் என்னைப் பார்த்து ஐயோ பாவம்னு சொல்லிடக் கூடாதுன்னு அடிச்சேன். உனக்காக என் சுவரைக் கறுக்க விடுவேனா?

எலாதியோ: அப்ப யாருக்கு?

ரூஃபினா: உங்கண்ணனுக்கு.

எலாதியோ: மார்சியால் அண்ணனுக்கா...

ரூஃபினா: பிப்ரவரியில. மேல் தோட்டத்துல கொடி வெட்டிக்கிட்டிருந்தார். கழுதை மட்டும் தனியா இறங்கி வந்து வாசல்ல நின்னுச்சு.

எலாதியோ: ...அண்ணன் செத்தா அண்ணன் வீட்டுச் சுவரைத்தானே விடணும்? வரும்போது பார்த்தேன், அடிவாரத்துல அது பளபளன்னு இருக்கு. வாசல்ல நீலத் தொட்டியில பூச்செடி வேற.

ரூஃபினா: அதை இங்கிலீஷ்காரங்களுக்கு வாடகைக்கு விட்டு வருஷம் எவ்வளவோ ஆச்சு. பூச்செடி அவங்க வச்சது.

எலாதியோ: அப்ப அண்ணன் எங்க இருந்தான்?

ரூஃபினா: இங்க.

எலாதியோ: இங்கன்னா... அந்த ஒயின் பீப்பா வைக்கிற அறையிலயா?

ரூஃபினா: இந்த வீட்ல படுக்கற அறை எத்தனைன்னு உனக்குத் தெரியாதா? நீ போன மொத அறுப்புக்கு உதவிக்கு வந்தார். ரெண்டாவது அறுப்புக்கும் வந்தார். அப்புறம் கீழ இறங்கிப் போக எங்க ரெண்டு பேருக்குமே அலுப்பா இருந்துச்சு. அவ்வளவுதான். இதுல கதை ஒண்ணும் இல்லை.

எலாதியோ: ஊர் ஒண்ணும் சொல்லலையா?

ரூஃபினா: ஊருக்குத் தெரியாது.

பஸ்குவாலா: ஊருக்குத் தெரியாதுன்னு நீங்க ரெண்டு பேரும் நினைச்சுக்கிட்டு இருந்தீங்க. சரி, இருந்துட்டுப் போகட்டும்னு நாங்களும் தெரியாத மாதிரியே இருந்தோம்.

ரூஃபினா: அக்கா...

பஸ்குவாலா: என்ன அக்கா? ராத்திரி அவர் இருமறது என் கட்டில் வரைக்கும் கேக்கும். தேன் குடுத்து அனுப்பினேனே, யாருக்குன்னு நினைச்சே? உனக்கா இருமல்?

ரூஃபினா: ...திருவிழாக் கமிட்டியிலேருந்து மூணு தடவை ஆள் வந்தாச்சு. ஊர் அழகு கெடுதாம். உடம்பு சரியில்லை, கை வலி, அடிக்க ஆள் இல்லைன்னு ஒவ்வொரு தடவையும் ஒண்ணு சொல்லி அனுப்பினேன். எனக்கு அவருக்காகச் செய்ய வேற என்ன இருக்கு சொல்லு? கல்லறைச் சுவர்ல பொண்டாட்டின்னு என் பேர் இல்லை. பாதிரியார் பூசையில என் பேரைச் சொல்லலை. நான் யாரு, தம்பி பொண்டாட்டி. இந்தச் சுவர் ஒண்ணுதான் எனக்கு. பிப்ரவரி வரைக்கும் அது இப்படியே இருக்கணும். அதையும் நீ...

எலாதியோ: நான் எதுவும் தெரியாமத்தான்...

பஸ்குவாலா: எலாதியோ, எனக்கு ஒண்ணு புரியலை.

எலாதியோ: என்னக்கா?

பஸ்குவாலா: என்கிட்ட ஏணி மட்டும்தானே கேட்டே? சுண்ணாம்பு கேக்கலையே. முதுகுல வாளியோடத்தான் வந்து நின்னே. கரைச்ச சுண்ணாம்பு, மூடி போட்டு, கயிறு கட்டி.

எலாதியோ: அது... வழியில...

ரூஃபினா: வழியில எங்க? இன்னிக்கு எந்தக் கடை திறந்திருக்கு?

எலாதியோ: ரூஃபி...

ரூஃபினா: கீழேருந்தே சுமந்துக்கிட்டு வந்திருக்கே. மேடு ஆகாதுன்னு ஓடினவன், சுண்ணாம்பு வாளியைச் சுமந்துக்கிட்டு இந்த மேடு ஏறியிருக்கே. என் சுவர் அடிக்காமக் கிடக்குன்னு உனக்கு யார் சொன்னா? அண்ணன் செத்தார்னு சொன்னேன். நீ அழலை. என்ன ஆச்சுன்னுகூடக் கேக்கலை. ஏணியைப் பிடிச்சிருந்த கைகூட ஆடலை.

பஸ்குவாலா: நான் ஜன்னலைச் சாத்திக்கறேன். அடுப்புல ஏதோ கருகுது...

ரூஃபினா: சாத்துங்க. ...எலாதியோ, நிமிர்ந்து என்னைப் பாரு. உனக்கு எல்லாம் தெரியுமா?

எலாதியோ: தெரியும் ரூஃபி. சேதி வந்த அன்னிக்கே கிளம்பி வந்தேன். கீழ் வளைவுல பஸ்ஸை விட்டு இறங்கறேன், அண்ணனோட சவப்பெட்டி மேல ஏறிக்கிட்டிருக்கு. அதுக்குப் பின்னாடி, பொண்டாட்டி நடக்கற இடத்துல, கறுப்புத் துணியில நீ. ஊரே உனக்கு இடம் விட்டுத் தள்ளி நடந்துச்சு, நீதான் கவனிக்கலை. அதே பஸ்ல திரும்பிப் போயிட்டேன். நீ சுவரை அடிக்காமத்தான் விடுவேன்னு யாரும் சொல்ல வேண்டியிருக்கலை; அன்னியிலேருந்து இந்தச் சுவரைத்தான் நினைச்சுக்கிட்டிருக்கேன். திருவிழாக் கூட்டம் ஏறி வர்றதுக்குள்ள இது வெளுத்துடுச்சுன்னா, உனக்குன்னு செத்தவன் யாரும் இல்லை, உயிரோட இருக்கறவன் நான் ஒருத்தன்தான்னு ஆயிடும்... அவன் பேரை நீ உன் வாயால சொல்லாம விட்டுட மாட்டியான்னுதான் தெரியாத மாதிரி கேட்டுக் கேட்டுப் பொய் சொன்னேன். ...கதவுக்கு இந்தப் பக்கம் முடிஞ்சுது. சொல்லு. இறங்கவா... மிச்சத்தையும் அடிக்கவா?