நனைத்த பிறகு எடை போடாத மூட்டைகள்

மேடையிலுள்ள மூத்த விமானிகளே, பாதிரியார் அவர்களே, முன்வரிசையில் கணவர் கியாலோவை இழந்து அமர்ந்திருக்கும் சகோதரி முவிகாலி அவர்களே, சரக்கு ஏற்றும் தோழர்களே, வணக்கம். கேப்டன் கியாலோ முசெம்பியைப் புகழ்ந்து பேச என்னை அழைத்தீர்கள். புகழத்தான் வந்தேன். ஆனால் தலை நிமிர்ந்து பேச முடியவில்லை, மன்னியுங்கள்.

யார் நம் கியாலோ? வடக்கே வறண்ட ஊர்களுக்கு மருந்து கொண்டுபோனவர். பிரசவத்தில் சிக்கிய பெண்ணை ஏற்றிவர, தன் சரக்கையே இறக்கிப் போட்டவர். பயணியின் பெட்டியைத் தூக்கிப் பார்த்து, "என்னம்மா, சமையலறையையே பெயர்த்து எடுத்துட்டு வந்துட்டீங்களா?" என்று சிரிக்கவைத்தே பாதியை இறக்கிவிடுவார்.

நம் பிழைப்பு, கிறுகிறுப்புக்காக மெல்லும் மிரா இலையை ஏற்றிப் பறப்பது. காலையில் பறித்தது மதியத்துக்குள் போய்ச் சேராவிட்டால் யாரும் வாங்க மாட்டார்கள். அதனால் மூட்டையை எடை போட்ட பிறகு, வாடாமலிருக்கத் தண்ணீர் ஊற்றுகிறோம். அந்தத் தண்ணீருக்கு எடை கிடையாதா? நமக்கெல்லாம் தெரியும். கேட்டவர் கியாலோ ஒருவர்தான். அவருக்கு நாம் வைத்த பெயர் என்ன? 'தராசு மாமா.' நானும் அப்படிக் கூப்பிட்டுச் சிரித்தவன்தான்.

சென்ற செவ்வாய்க்கிழமை நடந்ததை, சரக்கு ஏற்றுவதை மேற்பார்வையிடும் காட்விரி என்னிடம் அழுதுகொண்டே சொன்னாள்.

"நனைஞ்ச மூட்டைய மறுபடி எடை போடுங்க. இல்லேன்னா நான் ஏற மாட்டேன்" என்றிருக்கிறார் கியாலோ.

"அதுக்கெல்லாம் நேரமில்ல கேப்டன். நீங்க ஏறலேன்னா பராசா ஏறுவாரு. அவரு வாயில முடியாதுங்கிற வார்த்தையே வராது" என்றாராம் முதலாளி.

பராசா யார்? நான்தான். முந்தின நாள் முழுக்கப் பறந்துவிட்டுக் காய்ச்சலில் படுத்திருந்தேன்.

"அவனக் கூப்பிடாதீங்க. கூப்பிட்டா வந்துடுவான்" என்று சொன்ன கியாலோ, தன்னால் முடிந்தவரை மூட்டைகளை இறக்கிப்போட்டுவிட்டு ஏறிவிட்டார். விமானம் வேலியைத் தாண்டியது, மேலே எழவில்லை. சோளக்காட்டில் விழுந்தது.

விமானியின் முடிவே இறுதியானது, பொறுப்பும் அவருடையதே என்கிறார்கள் இப்போது. சட்டம் அப்படித்தான். அவர் ஏறியிருக்கக் கூடாதுதான். ஆனால் அவர் 'முடியாது' என்றபோது அந்தச் சொல்லைச் செல்லாக்காசாக்கியது யார்? முதலாளியா? அவர் மட்டுமா? அடுத்த ஆளாக எப்போதும் தயாராக இருந்த நானல்லவா? 'கூப்பிட்டா வந்துடுவான்.' என்னைப் பற்றி அவர் கடைசியாகச் சொன்னது அது. பொய் என்று சொல்ல எனக்கு வாயில்லை. வந்திருப்பேன், சகோதரி. வெட்கமாக இருக்கிறது.

இன்று காலை என்னைக் கூப்பிட்டார்கள். நாளைக்கு அதே சரக்கு. நனைத்தபின் எடை போட்டால் வருகிறேன் என்றேன். "பரவால்ல, வேற ஆள் இருக்கு" என்று போனை வைத்துவிட்டார்கள்.

அந்த வேறு ஆள் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார். யாரென்று கேட்கமாட்டேன். கியாலோ நமக்கு விட்டுப்போன வேலை ஒன்றே ஒன்று. ஒருவர் ஏற மறுத்த விமானத்தில் இன்னொருவர் ஏறக் கூடாது. நான் இனி ஏற மாட்டேன் என்று உங்கள் முன்னால் உறுதி சொல்கிறேன். தோழரே, நாளை நீங்கள் ஏறுவதாக இருந்தால், இதோ முவிகாலி உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.