விரல் காட்டிய இடம்

விடியற்காலை நாலரை மணி. துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் ஈ காக்கை இல்லை. என் நண்பனுடைய அத்தான் தனியாக நடந்து போகிறார்...

ஏய், சிரிக்காதே. அவர் பேய் பிசாசை நம்புகிற ஆளே இல்லை. கடலுக்கடியில் ரோபோவை விட்டுப் பவளப்பாறை தேடுவதுதான் அவர் வேலை. அதன் கேமரா பார்ப்பதெல்லாம் போட்டில் இருக்கிற ஸ்கிரீனில் தெரியும். பவளம் தென்பட்டால் மிஷினே அதைச் சுற்றிப் பச்சைக் கட்டம் போடும்.

எது பவளம் என்று மிஷினுக்குப் படம் காட்டிப் பழக்க வேண்டுமே? அந்தப் படங்களை எடுத்தது அத்தானின் தம்பி. கடலில் மூழ்குவதில் கெட்டிக்காரன். ஆபீஸில் இருப்பவர்கள் வெறும் பாறையைப் பவளம் என்று குறித்துவிடக் கூடாதே என்று, ஒவ்வொரு படத்திலும் பவளத்தை நோக்கி விரலை நீட்டினான். வந்தது வினை. மிஷின் பவளத்தை விட்டுவிட்டு விரலைக் கற்றுக்கொண்டது! விரல் நீட்டினால் மணலுக்கும் கட்டம் போடும். விரல் இல்லையென்றால் கம்மென்று இருக்கும்.

"அண்ணே, உன் மிஷினுக்கு நான்தான் வாத்தியார்," என்று சிரித்தானாம். விரல் இல்லாத புதுப் படம் எடுக்க மறுநாள் இறங்கினான்... ஏறி வரவில்லை.

கூடப் போனவர் போட் டிரைவர் மட்டும்தான். "நீரோட்டம் இழுத்துட்டுப் போயிடுச்சு," என்றார். எங்கெங்கோ தேடினார்கள். தம்பி மனைவி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "ஆளைக் காட்டுங்க மாமா. அப்புறம் அழறேன்."

அதற்காகத்தான் அத்தான் அந்த நேரத்தில் நடந்தார். அதே போட். அதே டிரைவர், மஞ்சள் சட்டையில். டீசல் நாற்றம். ரோபோவின் கேபிள் உரசுகிற சத்தம்... க்ரீச்... க்ரீச்... ஸ்கிரீனில் வெறும் மணல்.

திடீரென்று ஒரு பச்சைக் கட்டம்.

அங்கே பவளமும் இல்லை, விரலும் இல்லை. ரோபோவைக் கிட்டே கொண்டுபோனார். கட்டம் மறைந்தது. சற்றுத் தள்ளி இன்னொன்று... அப்புறம் இன்னொன்று. யாரோ முன்னால் போய் வழிகாட்டுவது மாதிரி. கடைசிக் கட்டம் ஒரு பாறை இடுக்கில் நின்றது. விளக்கைத் திருப்பினார்.

தம்பி... வலது கை விரல் நீட்டியபடியே இருந்தது.

"கிடைச்சிட்டான்!" அத்தான் கதறினார். டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ரோபோவை மேலே இழுத்துப் போட்டார். தண்ணீர் சொட்டியது... சொட்... சொட்... கேமராவை அணைக்கத் தோன்றவில்லை. ஸ்கிரீனில் இப்போது டிரைவரின் முகம். அதைச் சுற்றிப் பச்சைக் கட்டம்.

டிரைவர் நகர்ந்தார். கட்டமும் நகர்ந்தது.

கரை கண்ணுக்கே தெரியவில்லை. டிரைவர் எஞ்சினை அணைத்தார். எழுந்து, மெதுவாக நடந்து வந்தார். கட்டம் பெரிதாகிக்கொண்டே வந்தது.

"என்னண்ணே... ஸ்கிரீன்ல என்ன தெரியுது?"

அத்தான் பயத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டார். யாரும் தொடவில்லை. சத்தமும் இல்லை. கண்ணைத் திறந்தபோது போட்டில் அவர் மட்டும்தான் இருந்தார்.

அன்று மத்தியானம் தம்பியை மேலே கொண்டுவந்தார்கள். அவன் மனைவி அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். காலையில் நீட்டியபடி இருந்த வலது கை இப்போது இறுக மூடியிருந்தது... விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள்.

உள்ளே, கிழிந்த மஞ்சள் காலர்.