நான் வெட்டி எடுத்த காட்சிகள்

“ஆட்டம் தோத்தா யார் தப்பு?”

“கோச் தப்பு.”

“ஜெயிச்சா?”

“பொண்ணுங்க கெட்டிக்காரங்க.”

“அடிப்பாவி. அப்போ எனக்குன்னு ஒன்னுமே இல்லையா?”

“அதான் நான் இருக்கேனே.”

கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவருடைய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே நான் சொன்ன பதில் அது. அவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த காபி தரையெல்லாம் சிந்திவிட்டது. அவரே துணி எடுத்துத் துடைத்தார். அப்படிப்பட்ட மனிதர்.

காலையிலிருந்து இந்த விசாரணையில் நீங்கள் மூன்று பேரும் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இந்தப் பருவம் முழுக்க நம் பெண்கள் கூடைப்பந்து அணி தோற்றதற்குக் கோச் காரணமா, ஆட்டக்காரிகள் காரணமா? சங்கத் தலைவர் ஐயா, நீங்கள் கோச்சைச் சொல்கிறீர்கள். டாக்டர், நீங்கள் பெண்களுக்கு மூச்சுப் போதவில்லை என்கிறீர்கள். நடுவராக இருந்த அம்மா, நீங்கள் இரண்டு பேருக்கும் தலையாட்டுகிறீர்கள். இரண்டு பக்கமும் தப்பில்லை. அதைச் சொல்லத்தான் நானாகவே வந்தேன்.

உங்களுக்கு என்னைக் கோச்சின் மனைவியாகத்தான் தெரியும். அதற்கு முன்னால் நான் அவருடைய ஆட்டக்காரி. பந்தைத் தட்டிக்கொண்டு போய், யார் எங்கே ஓட வேண்டும் என்று கையசைத்து ஆட்டத்தை நடத்துகிற இடம் என்னுடையது. அவர் என்னை ‘வாலு’ என்றுதான் கூப்பிடுவார். கல்யாணம் நிச்சயமானதும், “ஒரே வீட்ல கோச்சும் ஆட்டக்காரியும் இருந்தா நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்கம்மா” என்றார். நியாயமாகத்தான் இருந்தது. அன்றே ஷூவைக் கழற்றி வைத்தேன். வேண்டுமானால் டாக்டர் என் முழங்கால்களைத் தட்டிப் பார்க்கலாம். இன்றைக்கும் ஒரு குறையும் இல்லை.

ஆனாலும் அவர் என்னை முழுதாக விட்டுவிடவில்லை. எதிரணிகளின் ஆட்டங்களைப் படம்பிடித்துக் கொண்டுவந்து என்னிடம்தான் தருவார். முழு ஆட்டத்தையும் உட்கார்ந்து பார்க்க அவருக்குப் பொறுமை கிடையாது. பல் மருத்துவமனையில் வரவேற்பு வேலை எனக்கு மதியத்தோடு முடிந்துவிடும். அதன் பிறகு சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்துக்கொண்டு, வேண்டியதை மட்டும் வெட்டிக் கோத்து வைப்பேன். எவள் எந்தக் கையால் எறிவாள், எவளுக்குக் கோபம் சீக்கிரம் வரும், எவள் களைத்தால் இடுப்பில் கை வைப்பாள், எல்லாம் அதில் இருக்கும். அதைச் சுவரில் போட்டுக் காட்டித்தான் அவர் பெண்களைத் தயார் செய்வார். அதில் இல்லாதது அவருக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. பல வருடமாக அணியின் கண் நான்தான். அதில் எனக்கு நிறைவு இருந்தது. பொய் சொல்லவில்லை.

பிறகு இப்போதைய கேப்டன் வந்தாள். வங்கியில் வேலை, துறுதுறுவென்ற பெண், என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். தப்பாக எதுவும் நினைத்துவிடாதீர்கள். அவர்களுக்குள் ஒன்றும் இல்லை. ஏதாவது இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சண்டை போட்டிருப்பேன், என் அம்மா வீட்டுக்குப் போயிருப்பேன், அவர் வந்து கூட்டிக்கொண்டு போயிருப்பார். நடந்தது வேறு. ஒருநாள் அவருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். அவர் கோட்டுக்கு வெளியே நின்று, “ஏய் வாலு, பந்தைப் பார்க்காதடி, ஆளைப் பாரு” என்று கத்தினார். நான் திரும்பினேன். அவர் கூப்பிட்டது அவளை.

புதிதாக ஒரு பெயர்கூட அவர் யோசிக்கவில்லை. எனக்குத் தைத்த சட்டையை எடுத்து அவளுக்குப் போட்டுவிட்டது போல இருந்தது. அதைவிட, அது அவளுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது.

வீட்டுக்கு வந்தால் பேச்சும் அவளைப் பற்றித்தான். “வாலு இன்னைக்கு என்ன பண்ணா தெரியுமா?” என்பார். தெரியாது என்பேன். சோற்றைப் பிசைந்த கையோடு தட்டின் மேலேயே எனக்கு ஆடிக் காட்டுவார். அவர் கண்ணில் இருந்த அந்த வெளிச்சம் எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு காலத்தில் அது என் மேல் விழுந்தது.

அவரை நான் வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவர நினைத்தேன். அணி சில ஆட்டங்கள் தோற்றால் நீங்கள் வேறு கோச்சைப் பார்ப்பீர்கள். அவருக்கும் ஓய்வு, எனக்கும் துணை. யாருக்கும் கெடுதல் இல்லாத வழியாகத்தான் தெரிந்தது.

முதல் ஆட்டத்துக்கு வந்த எதிரணியில் ஒரு இடதுகைக்காரி இருந்தாள். அவள் வலது பக்கம் போன காட்சிகளை மட்டும் வைத்தேன். இடது பக்கம் போனதையெல்லாம் எடுத்துவிட்டேன். நம் பெண்கள் ஆட்டம் முழுக்க அவளுடைய வலது பக்கத்தை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அவள் இடது பக்கமாக, திறந்திருக்கும் வீட்டுக்குள் போவது போலப் போய் வந்தாள். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நடக்காத எதையும் நான் சேர்க்கவில்லை. சில நொடிகளை எடுத்தேன், அவ்வளவுதான்.

அதற்கடுத்த ஆட்டங்களிலும் அப்படியே. அணி சரிந்தது. கேன்டீனில் பெற்றோர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள்.

“கோச்சை மாத்துங்கப்பா. அந்த ஆளுக்கு வயசாயிடுச்சு.”

“ஏன், அவரா பந்தைத் தவற விட்டாரு? உங்க பொண்ணு கையில வெண்ணெய் தடவிக்கிட்டு இல்ல வந்திருந்தா.”

“என் பொண்ணைப் பத்திப் பேசாதீங்க. உங்க பொண்ணு ஓடுறதப் பார்த்தா பஸ்ஸை விட்டுட்டு அடுத்த பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி இருக்கு.”

பக்கத்து மேசையில் நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஒருவர் என்னைப் பார்த்து, “நீங்களே சொல்லுங்கம்மா, யார் மேல தப்பு?” என்றார். “எனக்கு என்னங்க தெரியும்” என்றேன். எல்லோரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். புருஷனைத் திட்டுகிற இடத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறாளே என்று.

நான் ஒரு கணக்கில் தவறிவிட்டேன். தோற்கத் தோற்க அவர் வீட்டுக்கு வருவார் என்று நினைத்தேன். அவர் மைதானத்திலேயே கிடந்தார். எங்கே பிசகுகிறது என்று கேப்டனோடு உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டார். அவள் வங்கியிலிருந்து நேராக வந்துவிடுவாள். இரண்டு பேரும் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, அழித்து, மறுபடி போட்டு, ஒரே பொட்டலத்தில் கடலை தின்றுகொண்டு. நான் தோற்கடிக்கத் தோற்கடிக்க அவர்கள் நெருங்கினார்கள்.

கடைசி ஆட்டத்துக்கு வருகிறேன். அந்த எதிரணியின் நாலாம் நம்பர்காரிக்கு ஒரு கெட்ட பழக்கம். யாராவது குதித்துப் பந்தை எறிந்தால், எறிந்தவள் இறங்குகிற இடத்தில் சத்தமில்லாமல் தன் பாதத்தை நீட்டி வைப்பாள். நடுவர் கண் பந்தின் மேல் இருக்கும். நடுவரம்மா, இது உங்களுக்குத் தெரிந்திருக்கும். என் வீட்டுக்காரர் கொண்டுவந்த ஒவ்வொரு படத்திலும் அது இருந்தது. ஒரு பெண் நொண்டிக்கொண்டு வெளியேறியதுகூட இருந்தது. நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பிறகு எல்லாவற்றையும் வெட்டினேன்.

ஆட்டத்தன்று உடை மாற்றும் அறையில் கேப்டன் என்னைக் கட்டிக்கொண்டாள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

“அக்கா, சார் இன்னைக்கு என்னை நாலாம் நம்பர் பக்கம் போகச் சொல்றார். அவ எப்படி? உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்.”

“ஒன்னும் பயமில்லடா. நீ பாட்டுக்குக் குதிச்சு எறி.”

“நீங்க சொன்னா சரிக்கா.”

அவள் தலைமுடி அவிழ்ந்திருந்தது. நான்தான் இறுக்கிப் பின்னிவிட்டேன். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அதைத் தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

அவள் குதித்தாள். பந்து வளையத்துக்குள் போனது. அவள் இறங்கும்போது முழங்காலில் எழுந்த சத்தம் நான் உட்கார்ந்திருந்த வரிசை வரை கேட்டது. டாக்டர், இனி அவள் ஆட முடியாது என்று நீங்கள்தான் எழுதிக் கொடுத்தீர்கள்.

அப்போதும் நான் வந்திருக்க மாட்டேன். உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா? அன்று மருத்துவமனையில் ஃபிளாஸ்கை வைத்துக்கொண்டு அவள் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன்.

“என் தப்பு வாலு. நான்தானே உன்னை அந்தப் பக்கம் அனுப்பினேன்.”

“இல்ல சார். கீழ பார்த்து இறங்கத் தெரியாத முட்டாள் நான்.”

“கோச்னு ஒருத்தன் எதுக்கு இருக்கான்? என் தப்புதான்.”

“சரி, பாதி பாதி சார்.”

அழுதுகொண்டே இரண்டு பேரும் சிரித்தார்கள். ஒரு பிஸ்கட்டை உடைத்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்வது போலத் தப்பைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். இன்று காலையும் இங்கே அதையேதான் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். முழுக்க முழுக்க என்னுடையது அது. நான் தனியாக உட்கார்ந்து செய்தது. அதிலும் எனக்கு ஒரு துண்டு இல்லை.

அதனால் வந்தேன். தோல்விக்குக் காரணம் கோச் இல்லை, ஆட்டக்காரிகள் இல்லை, நான். அந்தப் பெண்ணின் காலை உடைத்ததும் நான்தான்.

நான் கேட்டுக்கொண்டபடி அவரை உள்ளே அழைத்து உட்கார வைத்தீர்கள். கதவருகே இருந்து எல்லாம் கேட்டுவிட்டார். ஒரே ஒரு தடவைதான் பேசினார்.

“உனக்கு என்னதான்மா வேணும்? வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

அவர் சொல்வது சரி. எத்தனையோ தடவை தொண்டை வரை வந்தது. அவர் ஷூ கயிறு கட்டும்போது, பையைத் தோளில் மாட்டும்போது, வாசலில் திரும்பிப் பார்க்காமல் போகும்போது. பெண்டாட்டி இதைக் கேட்டால் சிரிப்பாரோ என்று விழுங்கிவிடுவேன். இன்று உங்கள் முன்னால், சாட்சி வைத்துக்கொண்டு கேட்கிறேன்.

“என்னை ஆட்டத்துல இறக்குங்க கோச். அவ இடம் இப்போ காலியாத்தானே இருக்கு?”