காலனிப் பக்கத்துக் கேட்டு

தாவீது: இப்பல்லாம் பாட்டு கேக்கறதுக்குன்னு எவன் வரான்? மேடையில ஒருத்தன் தொண்ட கிழியப் பாடிகினு கீறான், இவன் போனத் தூக்கிப் புடிச்சிகினு அந்தக் கண்ணாடியில அவனப் பாத்துகினு கீறான். நேர்ல கீறவன நேராப் பாத்தா கண்ணு அவிஞ்சிடுமா?

ரெஜினா: மெதுவா பேசு பெரிப்பா. ஸ்கூலுக்குள்ள ஆளுங்க வந்துட்டாங்க.

தாவீது: வரட்டும். போன மாசம் நாவலூர்க்காரன் ஒருத்தன், என்னப் பாத்து தண்ணி பாட்டிலு எங்கன்றான். வேட்டி கட்டனவன்லாம் இவனுக்கு வேலக்காரனா?

ரெஜினா: தெரியாம கேட்டுட்டாரு. நீ இன்னா சொன்ன?

தாவீது: கடலு பக்கம் கைய காட்டினன். அங்க நெறைய கீது, மோந்துக்கன்னன்.

ரெஜினா: சொல்லிருப்ப... நீ சொல்ற ஆளுதான். சரி, இன்னிக்கி வீணை. மெட்ராஸ்லேருந்து வந்துருக்காங்க. ஆறு மணிக்கு ஆரம்பம். இந்தா உன் பாஸு. அப்பிடியே இந்தக் காயிதத்துல ஒரு கையெழுத்து போடு.

தாவீது: பாஸுக்கு எதுக்கு கையெழுத்து? இத்தினி நாளு இல்லாத பழக்கம்.

ரெஜினா: சும்மா... யார் யார் வராங்கன்னு ஒரு லிஸ்ட்டு.

தாவீது: லிஸ்ட்டுக்கு இத்தினி எழுத்தா? ஞானம்மா போட்டுருக்கா, ஜோயல் போட்டுருக்கான்... மேல இன்னாமோ முழுக் காயிதத்துக்கு எழுதிக் கீது. நான் அஞ்சாங்கிளாஸோட நின்னவன். நீயே படி, கேக்கறன்.

ரெஜினா: படிக்கறன். அதுக்கு முன்னால ஒண்ணு கேக்கட்டா? கச்சேரி ஆரம்பிச்ச ரெண்டு வருசமா மாசாமாசம் பாஸு வாங்கற. ஒரு தடவையாவது உள்ள வந்து ஒக்காந்துருக்கியா?

தாவீது: ஏசியில முட்டி புடிச்சிக்குது.

ரெஜினா: உன் சேரு காலியாத்தான் கெடக்கும். இந்தக் கேட்டுல பாஸக் காட்டிட்டு உள்ள வர. ஹாலச் சுத்திகினு, கிரவுண்டத் தாண்டி, சவுக்குத் தோப்புக்குள்ள பூடற.

தாவீது: வேவு பாக்கறியா நீ?

ரெஜினா: பாட்டு டீச்சருன்னு எனக்கு ஜன்னலோரமாத்தான் எடம் குடுத்துருக்காங்க. பெரிம்மா கல்லறைக்குத்தான போற?

தாவீது: தெரிஞ்சிகினேதான் பாஸு குடுத்துகினு இருந்தியா?

ரெஜினா: மெயின் ரோட்டச் சுத்திப் போனா மூணு கிலோமீட்டரு. உன் முட்டிக்கு ஆவாது.

தாவீது: இந்த ஸ்கூலு வரங்காட்டியும் அது எங்க வழி. அடுப்புல ஒலைய வெச்சிட்டுப் போயி, கும்பிட்டு வந்து அரிசி போடலாம். இப்ப எம் பொண்டாட்டியப் பாக்க நான் மாசத்துல ஒரு நாளு பாட்டுக்காரனுக்காக காத்துகினு கெடக்கறன்.

ரெஜினா: அங்க ஒக்காந்தா பாட்டு கேக்குமே?

தாவீது: கேக்குது. அதுக்கு நான் இன்னா பண்றது, காத ஊசி நூலு போட்டுத் தைக்கவா?

ரெஜினா: அப்ப கேக்கற.

தாவீது: காதுல வுழுது. கேக்கறது வேற.

மோகன்: மேடம், பெரியவர் கையெழுத்து போட்டுட்டாரா? அஞ்சரைக்குள்ள குடுத்தாத்தான் டிரஸ்ட்டு மீட்டிங்ல வைக்க முடியும்.

தாவீது: யாரு இவரு?

ரெஜினா: மோகன் சார். ஸ்கூல் ஆபீஸ் மேனேஜர். சார், நான் இன்னும் இவருகிட்ட...

மோகன்: பெரியவரே, ஒண்ணும் கவலப்படாதீங்க. அடுத்த மாசம் இந்தக் கேட்ட அடைச்சாலும் கச்சேரி எல்லாருக்கும்தான். மெயின் கேட்டுக்கு வாங்க. செல்லுல பேரப் பதிவு பண்ணிட்டா உள்ள விட்ருவாங்க.

தாவீது: எந்தக் கேட்ட அடைக்கறீங்க?

மோகன்: இதத்தான்... மேடம் சொல்லலையா?

ரெஜினா: நீங்க போங்க சார், நான் பேசிக்கறேன்.

மோகன்: இல்ல மேடம், செங்கல் வேற வந்து எறங்கிருச்சு...

ரெஜினா: சார்.

மோகன்: சரி, சரி. அஞ்சரை.

தாவீது: ஓ... அதான் வாய் நெறைய பெரிப்பா, பெரிப்பான்னியா.

ரெஜினா: அடைக்காம நிறுத்தத்தான் இந்த லெட்டரே. கேளு. 'காலனி மக்களாகிய நாங்கள், பள்ளி நடத்தும் இசை நிகழ்ச்சிகளை மாதந்தோறும் ஆர்வத்துடன் கேட்டு மகிழ்கிறோம். இந்த வாசலை மூடினால் எங்களால் வந்து கேட்க இயலாது. ஆகவே...'

தாவீது: யாரு மகிழ்றது?

ரெஜினா: அது ஒரு வார்த்ததான பெரிப்பா.

தாவீது: கல்லறைக்குப் போற வழின்னு எந்த எடத்துல எழுதிக் கீது?

ரெஜினா: எழுதல. அத எழுதினா ஒத்துக்க மாட்டாங்க. கல்லறைன்னாலே பேரன்ட்ஸு மொகம் சுளிக்கறாங்க. பாட்டு கேக்க வராங்கன்னா டிரஸ்ட்டுக்கும் பெரும. கேட்டு நிக்கும்.

தாவீது: அப்ப எங்க வழியில நாங்க நடக்கறதுக்கு வீணைக்குக் கை தட்டணும்.

ரெஜினா: தட்ட வேணாம். போடு, போதும்.

தாவீது: மாட்டன்.

ரெஜினா: நாப்பது பேரு போட்டுட்டாங்க. காலனியில நீ மூத்தவன், நீ போடலன்னா ஏன்னு கேப்பாங்க.

தாவீது: கேட்டா சொல்றன். நான் பாட்டு கேக்க வரல, எம் பொண்டாட்டியப் பாக்க வரன். இத்த எழுது, இப்பவே பேரு போடறன். எழுதறியா?

ரெஜினா: எழுதினா மூடிடுவாங்க...

தாவீது: அப்ப மூடட்டும்.

ரெஜினா: நான் எவ்ளோ அலைஞ்சு இந்தக் கச்சேரிய இங்க கொண்டாந்தன் தெரியுமா? சபாவுல மட்டும் வாசிக்கறவங்கள நம்ம காலனி சொவத்துக்குப் பக்கத்துல ஒக்கார வெச்சன். ஞானம்மா அத்த போன மாசம் பூரா நேரமும் கண்ண மூடிகினு கேட்டுச்சு.

தாவீது: தூங்கிருப்பா.

ரெஜினா: தூங்கல. கண்ணுல தண்ணி.

தாவீது: நல்லா நடத்து. நான் ஒண்ணும் வாணான்னு சொல்லல. ஆனா வழிக்குப் பதிலாப் பாட்டக் குடுக்காத. அது வேற, இது வேற. உன் பெரிம்மா ரெபேக்காளப் பொட்டியில வெச்சித் தூக்கினு வந்த அன்னிக்கி இந்தக் கேட்டுல எவ்ளோ நேரம் நின்னோம், நெனப்பு கீதா உனுக்கு?

ரெஜினா: கீது.

தாவீது: முக்கா மணி நேரம். வாட்ச்மேனு, உள்ள பரீட்சன்னான். சாவி வெச்சிருக்கவன் செங்கல்பட்டு பூட்டான்னான். வெயிலு. பொட்டிய கீழ வெக்கவும் மனசு வரல, தோளும் தாங்கல. அன்னிக்கி ஒருத்தன் வந்து, ஏம்பா, இது உங்க வழிதானன்னு கேட்டானா?

ரெஜினா: ...கேக்கல.

தாவீது: இப்ப மட்டும், வாங்க, வந்து வீணை கேளுங்கன்றான்.

ரெஜினா: கோவத்துல போடாம போயிட்டன்னா, நாளைக்கி பெரிம்மாவ எப்டிப் பாப்ப?

தாவீது: இந்த சொவத்தக் கட்டனது யாரு?

ரெஜினா: நீதான். நீதான மேஸ்திரி.

தாவீது: கூலி வாங்கிகினு எங்க வழிய நாங்களே அடச்சோம். கேட்டு எப்பவும் தொறந்தே கெடக்கும்னு மொதலாளி வாயால சொன்னான். வாய் வார்த்தைய நம்பி நான் சொவரு எழுப்புவனா?

ரெஜினா: இன்னா சொல்ற?

தாவீது: இப்டிக் கிட்ட வா. எட்டாவது தூணுக்கும் ஒம்போதாவது தூணுக்கும் நடுவுல சிமெண்டே கெடையாது. வெறும் களிமண்ணு. மேல கல்லுப் பலகைய ஏத்தி, பூசி, வெள்ள அடிச்சி வுட்டன். ஒடச்சாலும் மத்த சொவரு அசையாது. ரெண்டு ஆளு, ஒரு கடப்பாற, அரை மணி நேரம். நாலு பேரு பொட்டியத் தூக்கினு போற அகலம்.

ரெஜினா: அப்ப பெரிம்மாவத் தூக்கினு வந்த அன்னிக்கி ஏன் ஒடைக்கல?

தாவீது: அன்னிக்கி கையில கடப்பாற இல்ல. பொட்டி இருந்துச்சு. அப்பறம் கச்சேரின்னு தொறந்தீங்க. சரி, பாப்பம்னு இருந்தன். இன்னா முழிக்கற? போயி உன் மேனேஜருகிட்ட சொல்லு. செங்கல்ல நல்லாவே அடுக்கச் சொல்லு, எனுக்கு இன்னா.

ரெஜினா: ஜெனரேட்டர் எங்க கீது பாத்தியா பெரிப்பா?

தாவீது: அந்தக் கோடியில கீது. அதுக்கு இன்னா இப்ப?

ரெஜினா: போன வருசம் எட்டாவது தூணு பக்கத்துலதான் அதுக்கு ரூமு கட்டறதா இருந்தாங்க. வாசிக்கறவங்களுக்குச் சுதி கேக்காதுன்னு சண்ட போட்டு அவ்ளோ தூரம் தள்ளி வெக்க வெச்சன். அங்க வெச்சா ஒரு சத்தமும் ஹாலுக்குக் கேட்டுருக்காது.

தாவீது: ...உனுக்கு யாரு சொன்னது?

ரெஜினா: உனுக்குக் களிமண்ணக் கொழைச்சுக் குடுத்தது யாரு? எங்கப்பா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப சொல்லிட்டுத்தான் போச்சு. அந்த எடத்த யாரும் மறைக்காம பாத்துக்கன்னு.

தாவீது: கலைவாணனா... பைபிள் மேல சத்தியம் பண்ணான் எங்கிட்ட. அப்பனையும் நம்ப முடியல, பொண்ணயும் நம்ப முடியல.

ரெஜினா: எங்க திரும்பிப் போற? இன்னிக்கி கேட்டு தொறந்துதான கீது. இந்தா பாஸு.

தாவீது: நீயே வெச்சிக்க. அது பாட்டு கேக்கறவன் போற வழி. நான் வூட்டுக்குப் போறன், கடப்பாறைய எங்க போட்டன்னு தேடணும்.