கடைசிக் குழி

லா சப்பலில் ஒரு தமிழ்க் கடையில் ரோல்ஸ் வாங்க வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பேர். மூத்தவர் ஏதோ கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டுகிறவர்.

“ஐம்பது வயசு ஆகேல்லையெண்டால் அந்தப் போட்டியிலை சேர்க்கமாட்டினம்,” என்றார்.

“என்னண்ணை, பென்ஷன்காரருக்கோ போட்டி?” என்று இளையவர் கேட்டார்.

“இல்லையடாப்பா, எல்லாரும் அதைத் தொழிலாச் செய்யிற ஆக்கள். கன வருசத்துக்கு முன்னம் முதல் போட்டி எங்கடை மைதானத்திலைதான் நடந்தது. பிறகு வேறை ஊருகளுக்குக் கொண்டுபோட்டினம். இந்த வருசந்தான் திரும்பி வந்தது. அந்த முதல் போட்டியிலை, கடைசிக் குழிக்குக் கிட்டவந்து பந்தைத் தவறவிட்டுக் கோப்பையை இழந்த ஒரு மனிசன் இருக்கிறார். அவரும் வந்தவர். இப்ப தலை முழுக்க நரை.”

“இந்தமுறை வெண்டிட்டாரோ?”

“எங்கை! நல்லாப் பின்னுக்கு. ஆனால் அதே குழியிலை, தூரத்திலை நிண்டு ஒரே தட்டிலை பந்தை விழுத்தினார். மட்டையைப் போட்டிட்டு ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடிச்சவர்.”

“உங்களை அவருக்குத் தெரியுமோ?”

“தெரியாது. கிட்ட நிண்டது நான்தான். நானும் விடேல்லை, நல்லா இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்.”